பயமே வராத பேய்ப் படம்: உங்களுக்கு வந்துச்சா?

28 ஜூலை 2025, இரவு 10.15 (பல்லடத்து வாசகர் ஒருத்தர் கேட்டது)

குறைஞ்ச காசுல எடுத்த உளவியல் திகில் படம்னா இதைத்தான் பாக்கணும்னு ஆளாளுக்குச் சொன்னாங்கன்னு 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' பாத்தேனுங்க. 1962, கருப்பு வெள்ளை, 78 நிமிஷம். ஒரு எடத்துலகூட பயம் வரல. மூஞ்சில மாவு பூசின ஆளு ஒருத்தன் ஜன்னல்ல எட்டிப் பாக்கறான், ஆர்கன் ஒப்பாரி வெக்குது, படம் முடியுது. காசில்லாம எடுத்தாங்கங்கறதுக்காகவே ஒரு படத்தைத் தலைல தூக்கி வெச்சுக்கறமா? பாத்தவங்க நேர்மையாச் சொல்லுங்க.

28 ஜூலை, இரவு 11.50

நேர்மையாத்தானே? எனக்கும் மொத தடவை வரலைங்க. 2016-ல காலேஜ் ஹாஸ்டல்ல, லேப்டாப்ல, பக்கத்துல ஒருத்தன் நறுக்கு நறுக்குன்னு மிக்சர் தின்னுட்டு இருக்கறப்ப பாத்தேன். அரை மணி நேரத்துல தூங்கிட்டேன். பத்துக்கு மூணு மார்க் போட்டு, "நல்லாத் தூக்கம் வரும்"னு ஒரு வரி விமர்சனமும் எழுதினேன். அந்த வரியை இன்னும் அழிக்கல. நான் எவ்வளவு பெரிய மேதாவின்னு அப்பப்ப போய்ப் பாத்துக்கறதுக்கு வெச்சிருக்கேன்.

ரெண்டாவது தடவை 2021-ல. விஷயமே அங்கதான் இருக்கு. நாளைக்கு எழுதறேன், காலைல ஆறு மணிக்கு ஷூட்டிங். ஷூட்டிங்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க. ஜவுளி மெஷின் விக்கறவங்களுக்கு, மெஷினைச் சுத்திச் சுத்திப் படம் புடிச்சுக் குடுக்கற பொழப்பு.

29 ஜூலை, மதியம் 2.20

படம் பாக்காதவங்களுக்குக் கதை. முடிவையும் சொல்லிருவேன். 63 வருஷத்துக்கு முந்தின படத்துக்கு "முடிவைச் சொல்லாதீங்க"ன்னு யாராச்சும் வந்தா, பாரதப் போர்ல யாரு ஜெயிச்சாங்கன்னும் சொல்ல மாட்டேன்.

ஒரு பாலத்து மேல ரெண்டு காரு போட்டி போட்டுட்டு வருது. பொண்ணுங்க மூணு பேரு இருந்த காரு ஆத்துக்குள்ள விழுந்துருது. மணிக்கணக்காத் தேடறாங்க, கெடைக்கல. அப்ப பாத்தா அதுல ஒருத்தி, மேரின்னு பேரு, சேறும் சகதியுமா தானா நடந்து கரையேறி வர்றா. எப்படித் தப்பிச்சான்னு அவளுக்கே தெரியல. அப்புறம் யூட்டா மாகாணத்துல ஒரு சர்ச்சுல பியானோ வாசிக்கற வேலைக்குப் போறா. போற வழில கடலோரமா பாழடைஞ்ச கேளிக்கை மண்டபம் ஒண்ணு. அது அவளை இழுக்குது. வெளுத்த மூஞ்சிக்காரன் போற எடமெல்லாம் வர்றான். கடைசில ஆத்துல இருந்து காரைத் தூக்கறாங்க. உள்ள மூணு பொணம். அதுல ஒண்ணு மேரி.

எடுத்தவரு ஹெர்க் ஹார்வி. கான்சஸ் மாகாணத்துல லாரன்ஸ்ங்கற ஊருல, கம்பெனிங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் விளக்கப் படம் எடுத்துக் குடுக்கறதுதான் அவருக்கு வேலை. அட, நம்ம பொழப்பேதான். கலிஃபோர்னியாவுல இருந்து காரோட்டிட்டு ஊருக்கு வர்றப்ப, பொழுது விழற நேரத்துல சால்ட்டேர்ங்கற அந்த மண்டபத்தைப் பாத்திருக்காரு. 1958-லயே இழுத்துப் பூட்டின எடம். ஊருக்கு வந்ததும் கூட வேலை செஞ்ச ஜான் கிளிஃபோர்டைக் கூப்பிட்டு, கடைசில செத்தவங்க அந்த மண்டபத்துல ஆடணும், மீதியெல்லாம் உன் இஷ்டம்னு எழுதச் சொல்லிட்டாரு. லீவு போட்டுட்டு மூணு வாரத்துல எடுத்தாச்சு. நீங்க சொன்ன மாவு மூஞ்சிக்காரனும் அவரேதான். ஒரு ஆள் சம்பளம் மிச்சம்.

செலவு சுமார் 33,000 டாலர். அன்னிக்கு ஒரு டாலர் 4 ரூபா 76 பைசா. பெருக்கிப் பாத்தா ஒண்ணரை லட்சத்துச் சொச்சம். நாங்க நாலு பேரு சேந்து 2022-ல சோமனூர்ப் பக்கம் ஒரு குறும்படம் எடுத்தோம், அதுக்கு ஆனது 1,40,000. ஆக மொத்தம் ஹார்வியும் நாங்களும் ஒண்ணு.

29 ஜூலை, மதியம் 2.50

ஒண்ணில்லை. சேலத்து அண்ணன் ஒருத்தர் தனியாக் கூப்பிட்டுக் காது சிவக்கறாப்ல சொன்னாரு. 1962-ல ஒண்ணரை லட்சம்னா தோட்டந்தொரவு வாங்கிப் போட்டிருக்கலாம். 2022-ல டாலர் 75 ரூபா, அந்தக் கணக்குல எங்க படத்துக்கு 1,900 டாலர்கூட ஆகல. சரிங்ணா.

இன்னும் ரெண்டு தப்பு. கடல் இல்ல, உப்பு ஏரி. பியானோ இல்ல, ஆர்கன். ரெண்டாவது தப்பைச் சும்மா விட்டுட முடியாது. ஆரம்பத்துல ஆர்கன் செய்யற எடத்துல அவ வாசிக்கறப்ப அங்கிருக்கற ஆளு, வாசிப்புல கொஞ்சம் ஆன்மாவை வைம்மாங்கற மாதிரி சொல்வாரு. மொத தடவை பாக்கறப்ப ஏதோ புத்திமதி. முடிவு தெரிஞ்சு பாத்தா அந்த ஒரு வரிதான் மொத்தக் கதையும்.

30 ஜூலை, இரவு 11.10

ரெண்டாவது தடவை பாத்த கதை.

எங்க மாமன், அம்மாவோட தம்பி, எட்டுத் தறி வெச்சிருந்தாரு. கூலிக்குக் காடாத் துணி ஓட்டறது. வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவுல ஒரு வாசல்தான். தறிக்காட்டுல பொறந்து வளந்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்குச் சொல்றேன்: அந்தச் சத்தம் காதுல விழறதே இல்ல. நிமிஷத்துக்கு நூத்தி இருவது தடவைக்கு மேல நாடா (ஊடு நூலைக் கொண்டு போற கட்டை) அக்கட்டயும் இக்கட்டயும் அடிபடுது, எட்டுத் தறியும் ஒட்டுக்கா ஓடுது, உள்ள போனா நூறு டெசிபல் பக்கம் வரும். ஆனா எங்களுக்கு அது சத்தமே இல்ல. அது நின்னாத்தான் சத்தம்.

2012 ஞாபகம் இருக்கா? ஒரு நாளைக்குப் பன்னெண்டு மணி நேரம், பதினாலு மணி நேரம் கரண்ட் கட். அப்ப எனக்குப் பதிமூணு வயசு, லீவுக்கு மாமன் வீட்டுல. ராத்திரி சத்தம் நின்னா ஊரே முழிச்சுக்கும். கொழந்தைங்க அழும், நாய் கொலைக்கும். எதிர்வீட்டு ஆத்தா ஒருத்தி "என்றா ஆச்சு, என்றா ஆச்சு"ன்னு வெளிய ஓடியாரும். ஒண்ணும் ஆகலை, அமைதி வந்திருக்கு, அவ்வளவுதான்.

2021-ல ஒரு ராத்திரி, வேற வேலை இல்லாம, இந்தப் படத்தை மறுபடி போட்டேன். மாமன் வீட்டுத் திண்ணையில, காதுல ஹெட்போன். மேரி துணிக்கடைல ஒரு கவுன் போட்டுப் பாக்கறா. திரை ஒரு நெளி நெளியுது. அப்புறம் உலகத்துச் சத்தம் மொத்தமும் போயிருது. கடைக்காரிகிட்டப் பேசறா, அவளுக்குக் கேக்கல. யாருக்கும் இவ கண்ணுக்கே தெரியல.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? படம்னு தோணவே இல்ல. கரண்ட் போயிருச்சுன்னு ஒடம்பே முடிவு பண்ணிருச்சு. ஹெட்போனைப் புடுங்கிட்டு வாசலுக்கு எந்திரிச்சு ஓடிட்டேன். பாத்தா குடோன்ல லைட்டு எரியுது. எட்டுத் தறியும் ஓடுது. மாமன் எனக்கு முதுகைக் காட்டிட்டு, அறுந்த பாவு இழையைத் தேடி முடிச்சுப் போட்டுட்டு இருக்காரு. "மாமா"ன்னு கூப்பிட்டேன். திரும்பல. அந்தப் பக்கம் தறி ஓட்டற அக்கா நிமிந்து பாத்தாங்க, என்னைத் தாண்டி சொவத்துக் கடிகாரத்தைப் பாத்துட்டுக் குனிஞ்சுட்டாங்க. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

தறிச் சத்தத்துல கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா? பொறந்ததுல இருந்து தெரியும். இருந்தாலும் நின்ன எடத்துல கை கால் சில்லுன்னு போயிருச்சு.

உள்ள வந்து மீதிப் படம் பாத்தேன். மேரி ஒரு பூங்காவுக்குப் போறா, மரத்தடில நிக்கறப்ப குருவிச் சத்தம் கேக்குது, உலகம் திரும்பி வருது. அந்த எடத்துல நான் அழுதேன்னு சொன்னா சிரிப்பீங்க. சிரிங்க.

31 ஜூலை, காலை 7.05

ராத்திரி கொஞ்சம் ஓவரா எழுதிட்டேன் போல. அழுகல்லாம் இல்லீங்க, கண்ணு கலங்கிச்சு. பஞ்சுத் தூசாக்கூட இருக்கலாம்.

31 ஜூலை, இரவு 9.30

"பேயைக் காட்டாம எடுக்கறது கலை இல்ல, காசில்லாததால வந்த வினை"ன்னு ஈரோட்டு அக்கா எழுதியிருக்காங்க. பாதி ஒத்துக்கறேன். ஆனா காசு இல்லாதவங்க எல்லாரும் ஒரே மாதிரி சமாளிக்கறதில்ல, அதைப் பாருங்க.

'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்'காரங்க 1997 அக்டோபர்ல எட்டு நாள் காட்டுக்குள்ள எடுத்தாங்க. நடிகருங்க கைலயே கேமராவைக் குடுத்து, போக வேண்டிய எடத்தை மட்டும் சொல்லி அனுப்பி, நாளாக நாளாகச் சாப்பாட்டைக் கொறச்சுட்டே போனாங்க. எரிச்சலும் பயமும் நெசமா வரணுமாம். ஒலகம் பூராவும் கிட்டத்தட்ட 25 கோடி டாலர் வசூல். 'பேராநார்மல் ஆக்டிவிட்டி' எடுத்த ஓரன் பெலி வேற வழி: 15,000 டாலரு, சொந்த வீடு, சுமார் ஒரு வாரம், ஸ்டாண்டுல நிக்கற கேமரா. கேமராவைத் தூக்க ஆளு வேணாம். காலியா இருக்கற கதவை நம்மளே முறைச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கணும்.

ஹார்வி, மேரி காரோட்டற காட்சிக்கு, பின்னாடி திரை போட்டு ரோட்டைக் காட்டற ஸ்டுடியோ வித்தையை விட்டுட்டு, பேட்டரில ஓடற கைக் கேமராவோட காருக்குள்ளயே ஏறிட்டாரு. விளக்கப் படம் எடுத்த கைப்பழக்கம் அது. அதனாலதான் ஜன்னல்ல அந்த மூஞ்சி தெரியறப்ப ஏதோ நெசமான ரோட்டுல நெசமாவே நடக்கற மாதிரி இருக்கு.

சாப்பாட்டைக் கொறைக்கற உத்தி நம்மூர்ல ஆகாது. எங்க படத்துக்கு அமுச்சிதான், அம்மாவைப் பெத்தவங்க, சமையல். மத்தியானம் அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும் போட்டு, "இன்னுங் கொஞ்சம் போட்டுக்க சாமி"ன்னு ஊட்டாத குறையாத் திணிச்சுட்டாங்க. பயந்து ஓடற காட்சில ஹீரோயின் ஏப்பம் விட்டாங்க. மூணு டேக்.

1 ஆகஸ்ட், இரவு 10.40

எங்க படத்தைப் பத்திக் கேக்கறீங்க. 31 நிமிஷம். பேரு சொல்ல மாட்டேன், நல்லா இல்ல.

ஒரு பொம்பளை, தார் சுத்தற வேலை, அதாவது நாடாவுக்குள்ள வெக்கற குச்சில நூல் சுத்தறது. பத்து நாள் காய்ச்சல்ல கெடந்துட்டு வேலைக்கு வர்றா. குடோன்ல தறியெல்லாம் நிக்குது, ஒண்ணும் ஓடல. ஆனா அவ காதுல ஓடற சத்தம் கேக்குது. அவ பாட்டுக்கு உக்காந்து சுத்தறா. வர்றவங்க போறவங்க அவகிட்டப் பேசறதில்ல. 22-வது நிமிஷத்துல அவ காதுல இருக்கற சத்தம் நிக்குது.

நிக்கற தறிக்கு ஓடற சத்தம். இந்த யோசனை எனக்கு ஹார்வி படத்துல இருந்து வந்துச்சு. ரொம்ப நாள் யோசிச்சுச் செதுக்கினது.

எடுக்கறதுல பட்ட பாட்டைச் சொல்லணும்னா சத்தம்தான். தறிச் சத்தத்தை மொதல்ல போன்ல பதிஞ்சேன். போட்டுக் கேட்டா கிழிஞ்ச தகரத்துல மழை பேயற மாதிரி இருந்துச்சு. வாடகை மைக்கை உள்ள வெச்சேன், அதுவும் கிழிஞ்சுது. அவ்வளவு சத்தத்தை மைக்கு வாங்காது. கடைசில மாமன் வீட்டுக் கட்டலுக்கு அடில மைக்கை வெச்சு, மேல ஒரு ஜமுக்காளத்தைத் தொங்க விட்டு, சொவரு தாண்டி வர்ற சத்தத்தைப் பதிஞ்சேன். அதுல தறி இல்ல, தறியோட அதிர்வு இருந்துச்சு. கட்டல் கால் லேசா நடுங்கறது, மேல சொம்புல தண்ணி ஆடறது. தூக்கத்துல நாங்க கேக்கற சத்தம் அதுதான். அதையே படம் பூராவும் ஓட விட்டேன்.

பேய்க்கு மேக்கப்னு மைதாவைக் கரைச்சுப் பூசினோம். லைட்டுச் சூட்டுல காஞ்சு, பாவுக்குக் கஞ்சி போட்ட மாதிரி வெறைச்சு, பேசினா பொறுபொறுன்னு உதிர்ந்துச்சு. பேயைத் தூக்கிட்டோம். பேய் இல்லாத பேய்ப் படமா ஆனதுக்குக் காரணம் மைதா. ஈரோட்டு அக்கா, உங்க பக்கம்தான் ஜெயிச்சீங்க.

3 ஆகஸ்ட், மதியம் 3.30

ஆடி நோம்பி. மாமன் வீட்டுல இருக்கேன். வயிறு நெறைய ஒப்புட்டு.

நேத்து ராத்திரி அமுச்சிக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். 78 வயசு. நாப்பது வருஷம் தார் சுத்தினவங்க, ரெண்டு காதும் கிட்டத்தட்டப் போச்சு. காது மெஷின் வாங்கிக் குடுத்தது வெத்தலைப் பொட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. ஆனா உதட்டைப் பாத்தே பேச்சைப் புடிச்சுருவாங்க. தறிக்குடோன்ல எல்லாருக்குமே அந்தப் பழக்கம் உண்டு, சத்தத்துல வாயசைப்பும் கையசைப்பும்தான் பேச்சு. இது இங்கிலீஷ் படம், அந்தப் புடியும் இல்ல.

துணிக்கடைக் காட்சி வந்துச்சு. நான் படத்தைப் பாக்காம அமுச்சி மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஒரு அசைவும் இல்ல. அப்பத்தான் மண்டைல ஒறைச்சுது. அவங்களுக்குப் படம் மொத்தமும் சத்தமில்லாத படம். மேரிக்கு ரெண்டு தடவை நடக்கறது அமுச்சிக்கு இருவது வருஷமா நடந்துட்டு இருக்கு.

முடிஞ்சதும் "என்ன அமுச்சி, பயமா இருந்துச்சா"ன்னு மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டேன்.

"அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்து ஆருமே பேசறதில்லையே சாமி. எல்லாம் அக்கட்ட இக்கட்ட பாத்துட்டே பேசறாங்க."

போயி மறுபடி ஓட்டிப் பாத்தேன். டாக்டர் காகிதத்தைப் பாக்கறாரு, பக்கத்து ரூம்காரன் ஒடம்பைப் பாக்கறான். மூஞ்சியப் பாத்துப் பேசறவங்களும் இருக்காங்க, அமுச்சி சொன்னது முழுசா சரியில்ல. ஆனா ஏழு வருஷமா நான் இந்தப் படத்தைப் பத்திப் பேசினதுல இப்படி ஒண்ணு எனக்குத் தோணினதில்ல.

3 ஆகஸ்ட், மதியம் 3.40

ஏழு இல்ல, ஒம்பது வருஷம். ஒப்புட்டு மயக்கம்.

5 ஆகஸ்ட், இரவு 10.00

மருத்துவம் படிச்ச தம்பி ஒருத்தர் 19 ஹெர்ட்ஸ் சமாச்சாரத்தைக் கொண்டாந்திருக்காரு. சொல்லலாம், சுவாரசியமானதுதான். இங்கிலாந்துல கவெண்ட்ரில விக் டாண்டின்னு ஒரு இன்ஜினியர், லேப்ல வேலை செய்யறப்ப ஒடம்பு வேர்த்து, ஓரக் கண்ணுல சாம்பல் நிறத்துல ஒரு உருவம் தெரிஞ்சிருக்கு. அடுத்த நாளு, பிடிப்பான்ல மாட்டி வெச்ச வாள்சண்டைக் கத்தி ஒண்ணு தானா ஆடுது. தேடிப் பாத்தா புதுசா மாட்டின ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், காதுக்குக் கேக்காத 19 ஹெர்ட்ஸ் அளவுல அதிர்வு குடுத்திருக்கு. ஃபேன் மாட்டியிருந்த விதத்தை மாத்தினதும் பேயும் போச்சு. 1998-ல கட்டுரையா எழுதினாரு.

அதை நம்ம படத்துல போட்டா என்னன்னு நானும் ஒரு காலத்துல துள்ளினேன். சத்தம் உண்டாக்கற டோன் ஜெனரேட்டர்ல உண்டாக்கி, எடிட்ல சேத்து, போட்டுப் பாத்தா ஒண்ணுமே வரல. ஏன்னா நம்ம போன் ஸ்பீக்கரும் லேப்டாப் ஸ்பீக்கரும் அந்த ஆழத்துக்கெல்லாம் எறங்காது. ரெண்டு நாள் வேலை, காதுக்குக் கேக்காத சத்தம், ஸ்பீக்கர்ல வராத சத்தம். அதுக்கு 'இறுதி 4' னு ஃபைலுக்குப் பேரு வேற.

6 ஆகஸ்ட், காலை 8.15

"கொங்குல யாருக்குங்க சினிமா தெரியும், பச்சை வயலைக் காட்ட மட்டும் கோபிக்கும் பொள்ளாச்சிக்கும் வர்றாங்க"ன்னு ஒருத்தர். ஐயா, ரயில்வேல வேலை பாத்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல பிரெஞ்சுக்காரர் ஒருத்தர்கிட்ட புரொஜெக்டர் வாங்கி ஊரூராப் படம் காட்டி, 1914-ல கோயமுத்தூர்ல வெரைட்டி ஹால் கட்டினவரு. திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரம் சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸ் வெச்சு நூறு படத்துக்கு மேல எடுத்தாரு. ஏற்காடு ரோட்டுல அந்த வளைவு மட்டும் இன்னும் நிக்குது. அதுக்குள்ள போனா சால்ட்டேர் ஞாபகம் வரும்னு ஆசைப்பட்டுப் போனேன், வீடுங்கதான் இருக்கு. சால்ட்டேர் மண்டபமும் இல்ல, 1970-ல தீப்புடிச்சுப் போச்சு.

இழை எங்கியோ போகுது. முடிச்சுப் போட்டுட்டுத் திரும்பறேன்.

9 ஆகஸ்ட், இரவு 12.20

ஒண்ணாம் தேதி எழுதினதுல ஒரு பொய் இருக்கு. யாரும் புடிக்கல, நானே சொல்லிர்றேன்.

"நிக்கற தறிக்கு ஓடற சத்தம், யோசிச்சுச் செதுக்கினது"ன்னு எழுதினேன் பாருங்க, அது செதுக்கினதெல்லாம் இல்ல. நான் மொதல்ல எழுதின கதைல தறியெல்லாம் ஓடிட்டேதான் இருந்துச்சு. எடுக்க முடியல. மாமன் தறியை நிறுத்தினாலும் பக்கத்துக் குடோன் ஓடும், அதை நிறுத்தச் சொல்ல நான் யாரு? பேச்சு ஒரு வார்த்தை பதிய முடியாது. படமே வேணாம்னு விட்டுட்டோம்.

2022 தொடக்கத்துல கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் பக்கம் விசைத்தறி எல்லாம் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. ஊரே கப்சிப். வாரக் கணக்குல. நான் பொறந்ததுல இருந்து கேக்காத அமைதி. எனக்கு என்ன தோணிச்சு? அடேய், இப்ப எடுத்துரலாம்டான்னு தோணிச்சு. நண்பனுங்களுக்கு போன் அடிச்சேன். கதையை மாத்தி, நிக்கற தறின்னு எழுதினேன். ஆறு நாள்.

மாமன் சாவியைக் குடுத்துட்டு வேப்பமரத்தடில கட்டல் போட்டு உக்காந்துட்டாரு. மூணாவது நாள், லைட்டுக்குக் கரண்ட் எடுத்துக்கலாமான்னு கேட்டேன். "எடுத்துக்க மாப்ள, யாராச்சும் ஓட்டுங்க"ன்னாரு. எங்க ஹீரோயினுக்குப் பின்னாடி கூட்டத்துல நடந்து போற ஆளுங்க எல்லாம் வேலை இல்லாம இருந்த தறிக்காரங்க. தலைக்கு முந்நூறு ரூபா குடுத்தேன். நான் சிக்கனமா எடுத்தேன்னு பீத்திக்கிட்ட 1,40,000-க்குள்ள அந்த முந்நூறும் இருக்கு.

அதனாலதான் படத்தை எங்கெங்கியோ அனுப்பினேன், மாமனுக்கு மட்டும் காட்டல. மூணு வருஷமா "எடிட்டிங் முடியல"ன்னுட்டு இருக்கேன்.

10 ஆகஸ்ட், காலை 6.50

ஆறுதல் சொன்னவங்களுக்கு நன்றி, ஆனா அதுக்காக எழுதல. "அப்ப காட்டிரு"ன்னு ஒரே வார்த்தைல எழுதின பல்லடத்துக்காரருக்கு: நீங்களும் வாங்க. இந்தப் பஞ்சாயத்தை ஆரம்பிச்சது நீங்கதான்.

11 ஆகஸ்ட், இரவு 9.45

அமுச்சி சொன்னது இன்னொண்ணு, எழுத மறந்துட்டேன். இன்னிக்குச் சோறு போடறப்ப திடீர்னு, "அந்தப் புள்ளைக்கு ஒரு தங்கச்சி இல்ல போல"ன்னாங்க.

யாருக்குன்னு கேட்டா, மேரிக்காம். எனக்குப் புரியல. அப்புறம் புரிஞ்சுது: அண்ணமார் கதை. ராத்திரி பூராவும் உடுக்கடிச்சுப் பாடறதை அமுச்சி காது நல்லாருந்த காலத்துல உக்காந்து கேட்டவங்க. பொன்னரும் சங்கரும் செத்துக் கெடக்கறாங்க, தங்கச்சி அருக்காணித் தங்காள் தேடிட்டு வந்து எழுப்பறா. எந்திரிச்சு கொஞ்ச நேரம் பேசிட்டு மறுபடி போயிர்றாங்க. அந்தக் கதையைக் கோயில்ல நடத்திக் காட்டற படுகளத்துல இன்னிக்கும் ஆளுங்க பொணமாட்டம் விழுந்து கெடப்பாங்க, தண்ணி தெளிச்சு எழுப்புவாங்க. சின்ன வயசுல எங்க பெரியப்பா ஒருத்தர் அப்படி விழுந்து கெடந்ததைப் பாத்திருக்கேன். கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஈ உக்காந்துச்சு. மூடல. இன்னிக்கு வரைக்கும் எந்தப் பேய்ப் படமும் என்னை அந்த ஈ அளவுக்குப் பயமுறுத்தினதில்ல.

மேரியையும் யாராச்சும் வந்து எழுப்பியிருக்கணும், இல்ல போயிட்டேம்மான்னு சொல்லியாவது அனுப்பியிருக்கணும். பாதிரியார் வேலைய விட்டுத் துரத்தறாரு. டாக்டர் கற்பனைன்னு சொல்றாரு. இதை எழுதிட்டு இருக்கறப்பவே, நானும் பத்துக்கு மூணு மார்க் போட்டவன்தானேன்னு ஒரு நெனப்பு.

18 ஆகஸ்ட், இரவு 8.30

நேத்து, ஞாயித்துக்கெழம, தறி லீவு. மாமன் குடோன்லயே காட்டினோம். திரைக்குக் காடாத் துணி, அவரு ஓட்டினதே, நாலு மீட்டரு. வெளுக்காத துணிங்கறதால படமே கொஞ்சம் பழுப்பா விழுந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. ரேடியோ செட்காரர் ரெண்டு பெரிய பாக்ஸ் கொண்டாந்தாரு. இருவது பேரு இருக்கும், பாதிப் பேரு படத்துல நடந்து போனவங்க. பல்லடத்துக்காரர் ஒரு கிலோ மிக்சரோட வந்தாரு. நக்கலு.

மொதப் பத்து நிமிஷம் சிரிப்புதான். "டேய் நீ, டேய் நான்." மாமன் மட்டும் பேசாம இருந்தாரு. நிக்கற தறிங்களைக் கேமரா ஒவ்வொண்ணாத் தடவிட்டுப் போற எடம் வந்துச்சு. "அது ஆறாம் நம்பரு"ன்னாரு. கொஞ்சம் விட்டு, "அது ஏழு." ஆறும் ஏழும் எட்டும் போன வருஷம் எடைக்குப் போட்டாச்சு. நாங்க உக்காந்திருந்ததே அதுங்க இருந்த எடத்துலதான். தரைல போல்ட் அடிச்ச குழிக்கு மேல ஒருத்தர் சேரைப் போட்டு ஆட்டிட்டே இருந்தாரு. வேற ஒண்ணும் மாமன் சொல்லல. முந்நூறு ரூபாயைப் பத்தி நானும் ஒண்ணும் சொல்லல.

ரெண்டு பெரிய பாக்ஸ்லயும் தறிச் சத்தம். கட்டலுக்கு அடில புடிச்சது, இப்ப தரையே அதிருது. கொஞ்ச நேரத்துல யாருமே அதைக் கவனிக்கல, எனக்குத் தெரியும், கொரலை ஒசத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க.

22-வது நிமிஷம். சத்தத்தை நிறுத்தற எடம்.

நின்னுச்சு. இருவது பேரும் ஒரே நேரத்துல கழுத்தைத் திருப்பி, மெயின் போர்டுக்கு மேல இருக்கற குண்டு பல்பைப் பாத்தாங்க. தறி ஓட்டற அக்கா பாதி எந்திரிச்சே போயிட்டாங்க. பல்லடத்துக்காரரும் பாத்தாரு, கைல அள்ளின மிக்சர் அப்படியே நிக்க. நானும் பாத்தேன், நான் எடுத்த படம்.

பல்பு எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு. நான் திரும்பறப்ப, முன்வரிசைல அமுச்சி மட்டும் திரும்பாம திரையவே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க.